கத்திரிக்காய்க்கு ரெண்டு மார்க்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கொடுப்பது வழக்கம். உப்பும் எண்ணெயும் மட்டும் சேர்த்து வதக்கிய கத்திரிக்காயை, ஆளுக்கு ஆறு கிண்ணத்தில், நம்பர் ஒட்டிக் கொடுப்பது ஆனையூரில் அதுவரை யாரும் கேள்விப்படாத உபசாரம்.

"ஏன்டி, என் மானத்த வாங்கணும்னுதான் தோட்டக்கலை எடுத்துப் படிச்சியா?" என்று அடுப்படியில் நின்று கேட்டாள் தாமரைச்செல்வி.

"கேசரியும் குடும்மா, யாரு வேணாங்கிறா? ஆனா மொதல்ல கத்திரிக்கா. இனிப்பு தின்ன நாக்குக்குக் கசப்பு சரியாத் தெரியாது" என்றாள் மகள் பவதாரிணி. சொல்லிக்கொண்டே, அம்மா நைஸாக வாணலிப் பக்கம் கொண்டுபோன கடுகு டப்பாவைப் பிடுங்கி மேல் தட்டில் வைத்தாள்.

"கொஞ்சூண்டு தாளிச்சா என்னடி? வாரவங்க சம்பந்தம் பேச வாராங்களா, பத்தியம் இருக்க வாராங்களா?"

"தாளிச்சா கடுகுக்குத்தான் மார்க் விழும். எனக்குக் கத்திரிக்காயோட மார்க் வேணும்."

பவதாரிணி எம்.எஸ்ஸி. தோட்டக்கலை இரண்டாம் ஆண்டு. நாட்டுக் கத்திரி ரகங்களை ஒன்றோடொன்று இணை சேர்த்து ஐந்து புது வகைகளை உருவாக்கியிருந்தாள். எது அதிகம் காய்க்கிறது, எதில் புழு விழுவதில்லை என்ற கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. சுவை மட்டும்தான் பாக்கி. அதற்கு ஆட்களை உட்கார வைத்து, எது என்ன வகை என்று சொல்லாமல் ருசி பார்க்கச் சொல்லி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் வாங்க வேண்டும். ஒன்று என்றால் வாயில் வைக்க முடியவில்லை. ஒன்பது என்றால் அமிர்தம்.

கல்லூரியில் ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது. வகுப்புத் தோழிகள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாலு வாயில் முடித்து, எல்லாவற்றுக்கும் ஏழும் எட்டுமாகப் போட்டுவிட்டு ஓடினார்கள். வழிகாட்டி நாகலக்ஷ்மி மேடம் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

"இதுல எது நல்ல காய்னு தெரியுதா உனக்கு? உன் பிரெண்ட்ஸ் உனக்கு மார்க் போட்டிருக்காங்க, கத்திரிக்காய்க்குப் போடல. வீட்டுல ஆக்கித் திங்கிற ஜனங்களாப் பத்துப் பேரப் பிடி. திங்கக்கிழமை என் டேபிள்ல இருக்கணும்."

"அதுலயும் இப்படியே வந்துட்டா, மேடம்?"

"அடுத்த பட்டத்துல மறுபடி நடு. ஆறு மாசம்."

ஆறு மாசத்துக்குப் பவதாரிணி எங்கே போவாள்? செடிகள் ஓய்ந்துவிட்டன, இதுதான் கடைசிப் பறிப்பு. அப்பா வெள்ளைத்துரை, அரசு பஸ் கண்டக்டர், கெடு வைத்துவிட்டார்: வைகாசிக்குள் படிப்பு, ஆவணியில் கல்யாணம். படிப்பு தள்ளிப்போனாலும் கல்யாணம் தள்ளிப்போகாது. "அதுக்கென்ன, கல்யாணம் முடிஞ்சு எழுதிக்கலாம்" என்று சுலபமாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போன சீனியர் ஒருத்தியின் ஆய்வேடு இன்னும் மூன்றாவது அத்தியாயத்தில் நிற்கிறது. அவள் மகன் எல்.கே.ஜி. முடித்துவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் பை நிறையக் கத்திரிக்காயோடு வீட்டுக்கு வந்தாள். தெருக்காரர்களை வைத்து முடித்துவிடலாம் என்பது திட்டம். தெருவே மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போகிறதாம். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் தாமரைச்செல்வி பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி, "நாளைக்கு ஒன்னையப் பாக்க அவனியாபுரத்துல இருந்து வாராங்க. கோவிச்சுக்காதடி" என்றாள்.

"எத்தன பேரு?"

"பத்துப் பேரு இருக்கும். எதுக்குக் கேக்குற?"

பவதாரிணியின் முகம் அப்படியே மலர்ந்தது. "வரட்டும்மா! தாராளமா வரட்டும்!"

அன்று ராத்திரி முழுக்கத் தாமரைச்செல்வி சந்தோஷமாகத் தூங்கினாள். காலையில்தான் விஷயம் புரிந்தது.

பத்து மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளைப் பையன் அருள்பாண்டி, டிப்ளமோ படித்தவன். அவனியாபுரத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்து, எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிறான். அவனுடைய அம்மா தங்கப்பொண்ணு, தாய்மாமன் கருப்பு, இன்னும் சித்தப்பா, பெரியம்மா என்று ஒரு கூட்டம். வெள்ளைத்துரை பழக்க தோஷத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, அந்தப் பக்கம் எடம் இருக்கு பாருங்க" என்று எல்லோரையும் கூடத்தில் நெருக்கி உட்கார வைத்தார்.

காபித் தட்டோடு வர வேண்டிய பெண் தாள்களோடும் பேனாக்களோடும் வந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன உதவி. உங்க முன்னாடி வைக்கிற ஆறு கிண்ணத்தையும் ருசி பாத்து மார்க் போடணும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல தண்ணி குடிச்சுக்கங்க. பக்கத்துல இருக்கவங்களக் கேக்கக் கூடாது. பிடிக்கலைன்னா பிடிக்கலன்னே போடலாம். இது என் படிப்புக்கு."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தங்கப்பொண்ணு, "அதுக்கென்ன தாயி, படிக்கிற புள்ளைக்கு உதவாம?" என்று முதல் கிண்ணத்தை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள்.

ஒரு கிண்ணத்தில் 314 என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 639. எல்லாமே இப்படி மூன்றிலக்க எண்கள். முதல், இரண்டாம் என்று வரிசை நம்பர் போட்டால் முதலில் இருப்பதுதான் உசத்தி என்று மனசு நினைத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. அதிலும் ஒரு சூட்சுமம் வைத்திருந்தாள். காய் ஐந்து வகைதான், கிண்ணம் ஆறு. 314-லும் 639-லும் இருந்தது ஒரே காய். சாப்பிடுகிறவர் நிஜமாகவே ருசித்துத்தான் மார்க் போடுகிறாரா என்று பிடிக்க அது ஒரு பொறி.

அந்தக் காய்க்கு அவள் வைத்திருந்த பெயர் ராணி. முள்ளே இல்லாத காம்பு, கருஊதாவில் பளபளக்கும் உடம்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். பவதாரிணிக்கும் அதன்மேல்தான் ஆசை. ஓரத்தில் வெளிறிய பச்சையில் வரி ஓடி, பறிக்கும்போதெல்லாம் கையைக் குத்தும் இன்னொரு வகை உண்டு. அதற்கு முள்ளுக்காரி என்று பெயர். ஆசையாக வைத்த பெயரில்லை.

தாய்மாமன் கருப்பு கிண்ணத்தைக் கையில் தொடவே இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க மாமா" என்றாள் பவதாரிணி.

"இரு மகளே. முன்னூத்திப் பதினாலக் கூட்டுனா எட்டு வருது. எட்டு சனி. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சனிய எதுக்கு வாயில போடணும்? இதுக்கு ஒண்ணு. இந்தா, அறுநூத்தி முப்பத்தொம்பது, கூட்டு எண்ணு ஒம்போது. அருமையான நம்பரு. இதுக்கு ஒம்போது." அடுத்த கிண்ணத்தின் எண்ணைக் கூட்ட ஆரம்பித்தார்.

ஒரே காய்க்கு ஒன்றும் ஒன்பதும். பவதாரிணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மற்றவர்களின் தாள்கள் வந்தன. ஒன்பது, ஒன்பது, ஒன்பது. சித்தப்பா ஆறு கிண்ணத்துக்கும் ஒன்பது. பெரியம்மா ஆறுக்கும் ஒன்பது. தங்கப்பொண்ணு எல்லாவற்றுக்கும் பத்து போட்டு, "ஒம்போதுக்கு மேல கிடையாதாமே தாயி? எனக்கு மனசு வரல, அதான்" என்றாள்.

வெள்ளைத்துரை மகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். "அம்புட்டும் ஒம்போதா? பாத்தியா தாமரை, எம் புள்ள பாஸு!"

பவதாரிணி தாள்களை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பெண் கொடுக்கிற வீட்டில் கை நனைத்துவிட்டு யாராவது குற்றம் சொல்வார்களா? வேகாத கேசரியைக் கூட நெய் மணக்கிறது என்று சொல்லித் தின்றுவிட்டுப் போகிற ஜனங்கள். இத்தனை படித்தும் இது தோன்றாமல் போயிற்றே! மதுரையில் பொய் சொல்ல மிகத் தோதான இடத்தில், பொய் சொல்ல மிகத் தோதான நாளில் உண்மை கேட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளை மேடம் கண்ணாடியைக் கழற்றப் போகிறார்.

"என்னோடத இன்னும் வாங்கலையே" என்றது ஒரு குரல்.

அருள்பாண்டி இன்னும் முடிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, தலையைச் சாய்த்து, ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்பவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி முதல் கிண்ணத்துக்கே போனான். வேறு யாரும் தண்ணீர் டம்ளரைத் தொட்டதாகவே அவளுக்கு ஞாபகமில்லை.

தாளை நீட்டினான். ஏழு, நாலு, மூணு, அஞ்சு. 314-க்கு ரெண்டு. 639-க்கும் ரெண்டு.

தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்துவிட்டாள். "அடப்பாவி! என்னடா ரெண்டு போட்டிருக்க? பொண்ணு வீட்டுல வந்து இப்படியாடா பண்ணுவ?"

"நல்லா இல்லம்மா. கேட்டாங்க, சொன்னேன்."

"கேட்டா சொல்லிருவியா?"

வெள்ளைத்துரையின் முகம் மாறிவிட்டது. ரெண்டு மார்க் என்பது அவர் படித்த காலத்தில்கூட வாங்கியதில்லை. "தம்பிக்குச் சம்பந்தத்துல இஷ்டமில்லன்னா நேராச் சொல்லியிருக்கலாம். எதுக்குக் கத்திரிக்காயச் சொல்லணும்?" என்றார். சித்தப்பா செருப்பைத் தேடி வாசலைப் பார்த்தார். தாமரைச்செல்வி கேசரித் தட்டோடு வந்தவள் அப்படியே அடுப்படிக்குத் திரும்பினாள்.

பவதாரிணிக்கு இதெதுவும் காதில் விழவில்லை. அவனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி நல்லா இல்ல?"

"கசக்குது."

"வாயில வச்சதுமேவா, முழுங்கினப்புறமா?"

"முழுங்கினப்புறம். அடி நாக்குல லேசா அரிக்குது. இதுலயும் அதே அரிப்பு." 639-ஐக் காட்டினான். "தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டும் ஒரே காய்தான? எதுக்கு ரெண்டு தடவ வச்சீங்க?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். காதோரம் ஒரு கிரீஸ் கறை, இன்றைக்கென்று குளித்தும் போகாதது. ராணிக்கு ரெண்டு மார்க் போட்டவன். கோபம் வர வேண்டும். வரவில்லை. கல்லூரியில் அவளும் ருசி பார்த்தாள். ராணிக்கு ஒன்பது போட்டாள். அரிப்பு தெரிந்ததா? தெரிந்திருக்கும். ஆசைப்பட்ட காய் என்பதால் நாக்கு சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"உங்க ஒருத்தர் மார்க் மட்டும்தான் நிஜம்" என்றாள். "ஆனா ஒருத்தர் பத்தாது. இப்படிப் பத்து நாக்கு வேணும். இன்னைக்கே வேணும். இல்லாட்டி எம் படிப்பு ஆறு மாசம் தள்ளிப் போயிரும்."

"தள்ளிப் போனா?"

"அப்பா கல்யாணத்தத் தள்ளிப் போட மாட்டாரு."

அருள்பாண்டி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். "காய் மிச்சம் இருக்கா?"

"பாதி இருக்கு."

"அப்ப எம் பட்டறைக்கு வாங்க. இன்னைக்கும் தொறந்துதான் இருக்கு. அங்க வர்றவன் எவனும் இதுவரைக்கும் எதையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்குப் போறதா?" தாமரைச்செல்வி அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"வீட்டுக்கில்லம்மா, பட்டறைக்கு!"

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"பட்டறையில கேசரி கிடையாது, அத்தாச்சி" என்றார் கருப்பு. அவர் அதற்குள் அடுப்படிக்கே போய்க் கேசரியில் கை வைத்திருந்தார்.

முடிவு சொன்னது தங்கப்பொண்ணு. மகன் உடைத்ததை ஒட்டவைக்க அவளுக்கு வேறு வழியும் தெரியவில்லை. "புள்ள அழுகுற மாதிரி இருக்கா, அண்ணே. நம்ம நடுவுல ஆயிரம் இருக்கட்டும், அது படிப்பு கெடக் கூடாது. எல்லாருமே போவோம். நீங்களும் வாங்க, தாமரையும் வரட்டும். கூட ஆள் இருந்தா எவன் என்ன பேச?"

அப்படித்தான் பத்துப் பேர் வந்த வேனில் பதின்மூன்று பேர் ஏறினார்கள். கேஸ் அடுப்பு சித்தப்பாவின் காலடியில், வாணலி பெரியம்மாவின் மடியில், நம்பர் போட்ட கிண்ணங்கள் தங்கப்பொண்ணுவின் மடியில். 314 கிண்ணத்தை மட்டும் கருப்பு தொட மறுத்துவிட்டார். கோரிப்பாளையத்தில் வேன் நெரிசலில் மாட்டியது. பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வாணலி இரண்டு மடி மாறிவிட்டது. வெள்ளைத்துரை மட்டும் முறைப்போடு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். வில்லாபுரம் வந்ததும் அவரையும் அறியாமல், "அவனியாபுரம் எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்றார். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

பட்டறை வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். பழுது பார்க்கக் கொடுத்த மோட்டாரைத் திரும்ப வாங்க வந்த விவசாயிகள் சிலர், பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர், டீக்கடைக்காரர். அருள்பாண்டி எல்லோரையும் கூப்பிட்டான். "மாப்ள, இங்க வாங்கடா. அண்ணே, நீங்களும் வாங்க. இது எங்க வீட்டு விருந்தில்ல, பரீட்சை. நல்லாருக்குன்னு சொல்லி யாரையும் குளுப்பாட்ட வேணாம்."

"நம்ம என்னைக்குடா குளுப்பாட்டுனோம்?" என்றார் மருது என்கிற ஆட்டோக்காரர். முதல் கிண்ணத்தை வாயில் போட்டவர் உடனே முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, இது காயா, சைக்கிள் டியூபா?"

"எழுதுங்கண்ணே, அப்படியே எழுதுங்க" என்றாள் பவதாரிணி. அவள் கண்கள் பளபளத்தன.

"இது தண்ணி. வாயில இருக்கிறதே தெரியல."

"மூணு போடுங்க!"

"இது அரிக்குது மாப்ள. எங்க வீட்டுல இத வச்சா சட்டி வெளிய பறக்கும்."

"உங்க வீட்டுல சட்டியோட நீங்களும் பறப்பீங்க, எழுதுங்க!" என்றான் அருள்பாண்டி.

இங்கே ஒருவரும் எண்களைக் கூட்டவில்லை. ஒருவர் சொன்னதற்கு எதிராகச் சொல்வதுதான் இவர்களுக்குப் பழக்கம் என்பதால், பக்கத்துத் தாளைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே பவதாரிணிக்குத் தொண்டை வறண்டது. அவளுக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ வந்து உட்கார்ந்தது. யார் வைத்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

தாள்களைச் சேர்த்தபோது முதன்முறையாக எண்கள் பேசின. ராணிக்குக் கிடைத்தது ஒன்றும் ரெண்டும் மூணும்தான். இரண்டு கிண்ணத்திலும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். முள்ளுக்காரிக்கு ஏழு, எட்டு. ஒரு விவசாயி அந்தக் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, "இதுக்கு வெத கிடைக்குமா தாயி?" என்று கேட்டார்.

பவதாரிணி தாள்களைப் படமெடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"இதுதான் நிஜமா ருசி பாக்குற பேனல்! யாரும்மா இவங்கள்லாம்? ஒருத்தர் 'சைக்கிள் டியூப்'னு எழுதியிருக்காரு!"

"தெரிஞ்சவங்க பட்டறை, மேடம்."

"போதும், எழுத ஆரம்பி. வைகாசிக்கு முன்னாடி வைவா முடிச்சுரலாம்."

போனை வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்துத் தங்கப்பொண்ணு அருகே வந்தால், பவதாரிணி சிரித்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்காய் தேறிவிட்டது. மிச்சமிருந்தது இன்னொரு விஷயம். அதைப் பற்றிப் பேச இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று, பழுதான மோட்டார்களை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்பாண்டி கையைத் துணியில் துடைத்தபடி பக்கத்தில் வந்தான். "உங்க ராணியப் படுக்க வச்சுட்டோம். கோவமா?"

"அதுக்கு ராணின்னு பேர் வச்சதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"வேன்ல உங்க அம்மா. இன்னும் நெறையச் சொன்னாங்க." சிரித்தான். பிறகு, "நீங்க எனக்கு மார்க் போடலையே?" என்றான்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போடுறது தப்பு. எங்க படிப்புல மூணு தடவ செஞ்சு பாக்காம முடிவு சொல்லக் கூடாது."

"அப்ப இன்னும் ரெண்டு தடவ வரணும்."

"வைவா முடிஞ்சப்புறம்தான் ரிசல்ட்."

"காயில் கட்டுறவனுக்கு அவசரமில்ல. அவசரப்பட்டா மறுபடி எரிஞ்சுரும்."

அந்த நேரம் பார்த்துத் தாமரைச்செல்வி வந்தாள். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த காபியை டம்ளரில் ஊற்றி அவனிடம் நீட்டினாள். காலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க முடியாமல் கையிலேயே சுமந்த காபி. "காபி எப்படி இருக்கு தம்பி?" என்றாள். கேள்வி காபியைப் பற்றியது இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளைத்துரை மோட்டாரிலிருந்து கண்ணை எடுத்தார். தங்கப்பொண்ணு மகனைப் பார்த்து, ஒன்பது என்று சொல்லடா என்பதுபோல விரல்களை விரித்துக் காட்டினாள்.

அருள்பாண்டி ஒரு வாய் குடித்தான். தலையைச் சாய்த்தான். பவதாரிணியைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"சீனி கம்மி, அத்தை" என்றான்.

தங்கப்பொண்ணு நெற்றியில் அடித்துக்கொண்டாள். தாமரைச்செல்வி ஒரு நொடி முறைத்தாள். அதற்குள் அந்தக் கடைசி வார்த்தை அவள் காதில் இறங்கிவிட்டது.

"ஏங்க" என்று புருஷனைப் பார்த்துத் திரும்பினாள், "நின்னு என்ன வேடிக்க? எதிர்த்த கடையில போய் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சீனி வாங்கிட்டு வாங்க."